முதல் வார்த்தை மட்டும்

போன வாரம் மாடிப்படியில் பாதி இறங்கி நின்றுகொண்டு பெரியவள் ஓர் உதவி கேட்டாளே, அது உதவியே இல்லை என்பது சின்னவளுக்கு அன்றைக்கே தெரியும். பெரியவளுக்கு உதவி கேட்கிற பழக்கம் கிடையாது. உத்தரவு போடுவாள். கொஞ்சம் சிரித்துக்கொண்டே போட்டால் அதற்குப் பெயர் உதவி.

"சனிக்கிழமை மத்தியானம் உன் பொண்ணைக் கொஞ்ச நேரம் மேல அனுப்பு. கப்புக்கு இன்டர்வியூ. பக்கத்துல ஒரு ஆள் இருந்தா அவனுக்குத் தைரியமா இருக்கும்."

"சரிக்கா" என்றிருந்தாள் சின்னவள். கல்யாணமாகி இந்த வீட்டுக்குள் வந்த நாள் முதல் அவள் மாடியைப் பார்த்துச் சொன்னது பெரும்பாலும் அந்த ஒரு சொல்லைத்தான். மற்றதெல்லாம் மனதுக்குள். மனதுக்குள் அவள் பேசுகிற பேச்சு வெளியே கேட்டிருந்தால் மாடி எப்போதோ இடிந்து விழுந்திருக்கும்.

அந்தச் சனிக்கிழமை இதோ வந்துவிட்டது.

வீட்டைப் புதிதாக எட்டிப் பார்க்கிறவர்களுக்கு: மாடியில் அண்ணன் குடும்பம், கீழே தம்பி குடும்பம். அண்ணனுக்கு டைல்ஸ் கடை. தம்பி அதே கடையில் சரக்கு இறக்குவதை மேற்பார்வை பார்க்கிறான்; அண்ணன் நின்றால் நிற்பான், அண்ணன் உட்கார்ந்தாலும் நிற்பான். அண்ணன் மனைவி பெரியவள். தம்பி மனைவி சின்னவள், வாசல் அறையில் மெஷின் போட்டுத் திரைச்சீலை தைக்கிறாள்.

கப்பு என்பது பெரியவளின் ஒரே மகன். பதினாறு வயது. மூன்றாம் வகுப்பில் சாக்கு ஓட்டத்தில் மற்ற பையன்கள் எல்லாம் விழுந்து வைத்ததால் ஒரு கோப்பையோடு வீட்டுக்கு வந்தான். அன்றைக்கு ஒட்டிக்கொண்டது அந்தப் பெயர். அன்றைக்கே பெரியவளுக்குப் பைத்தியமும் பிடித்தது. நீச்சல், கீபோர்டு, சதுரங்கம், மேடைப் பேச்சு, ரோபோ. போதாக்குறைக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் 'தலைமைப் பண்பு' என்று ஒரு வகுப்பு. தலைமைப் பண்பு வகுப்புக்கு அவனை அவன் அம்மா கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவாள்.

சின்னவளுக்கு இந்தக் கூத்தெல்லாம் புதிதல்ல. ஜன்னல் அளவெடுக்கப் போகிற வீடெல்லாம் இதே கதைதான். கண்ணாடி அலமாரி நிறையக் கோப்பைகள். அந்தக் கோப்பைகளை வென்ற பிள்ளை, டேப்போடு வாசலில் நிற்கிறவளை 'உள்ள வாங்க' என்று சொல்லத் தெரியாமல், போனைப் பார்த்தபடியே கதவைத் திறந்துவிட்டுப் போய்விடும். பின்னாலேயே அம்மாக்காரி வருவாள். "ஆறு கிளாஸ் போறாங்க. பர்சனாலிட்டி நல்லா டெவலப் ஆகுது." டேப்பைச் சுருட்டிக்கொண்டே சின்னவள் சொல்வாள்: "ஆமாங்க, கதவைத் திறக்கும்போதே தெரிஞ்சது."

ஆனால் தன் மகள் விஷயத்திலும் அவளுக்குப் பெருமைப்பட ஒன்றுமில்லை. பொடிசு பள்ளி நாடகக் குழுவில் இருக்கிறாள், நடிக்க அல்ல. மேடையின் ஓரத்தில், திரைக்குப் பின்னால், புத்தகமும் ஒரு சின்ன விளக்குமாக இருட்டில் உட்கார்ந்திருப்பாள். யாராவது வசனத்தை மறந்தால் எடுத்துக்கொடுப்பாள். ஆறு மாதமாக மாலை நேரத்தை எல்லாம் விழுங்கிய வேலை அது. இன்று மாலைதான் நாடகம்.

காலையில் பொடிசு கறுப்புச் சட்டை ஒன்றை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"கறுப்பு எதுக்குடி?"

"யார் கண்ணுக்கும் தெரியக் கூடாதும்மா. அதான்."

"யார் கண்ணுக்கும் தெரியாம இருக்கறதுக்கு ஒரு கிளப்பு. அதுக்கு ஒரு யூனிஃபார்ம் வேற. ராணி வேஷம் வேண்டாம், ராணிக்கு விசிறி வீசறவளா கூடவா உன்னைப் போடல?"

"கேட்டாங்க. நான்தான் இது வேணும்னேன்."

சின்னவள் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. மெஷினில் ஊசியை மாற்றியபடியே கேட்டாள். "மறந்துட்டா முழு வசனத்தையும் நீ சொல்லிடுவியா?"

"ஐயையோ, முழுசா சொல்லவே கூடாது. முதல் வார்த்தை மட்டும். மிச்சம் அவங்களுக்கே வந்துடும். முழுசா சொன்னா அது நான் பேசினதாயிடும்மா."

"மறந்துட்டாங்கன்னு எப்படித் தெரியும்? நடிப்புக்காக நிறுத்தறதும் உண்டே."

"மறந்தவங்க கண்ணு என்னைத் தேடும். வேணும்னு நிறுத்தறவங்க தேட மாட்டாங்க. அந்த நேரத்துல வாயைத் திறந்தேன்னு வையுங்க, அந்தக் காட்சியே காலி."

இதற்குள் பொடிசின் போன் அடித்தது. ராணிக்குத் தொண்டை கட்டிவிட்டதாம். "வெந்நீர் குடி. சாயங்காலம் வரைக்கும் யார்கிட்டயும் பேசாதே, என்கிட்டயும்தான்" என்று சொல்லி வைத்தாள். உடனே இன்னொரு போன். சேவகனுக்கும் தளபதிக்கும் சண்டையாம். இரண்டு பேரையும் தனித்தனியாகக் கேட்டாள், யார் பக்கமும் சாயவில்லை, கடைசியில் ஏதோ சொல்லிச் சிரிக்கவைத்தும்விட்டாள். ஊர்ப் பஞ்சாயத்தெல்லாம் இவள் தலையில்தானா என்று சின்னவளுக்கு எரிச்சலாக வந்தது.

அப்போது கப்பு கீழே வந்தான். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டு இறுக்கிவிட்டிருந்தார்கள். இஸ்திரிப் பெட்டி பக்கத்தில் வந்து நின்று, மெதுவாகக் கேட்டான்.

"நாடகம் பார்க்க யார் வேணாலும் வரலாமா?"

"வாண்ணா. சும்மா உள்ள வந்து உக்காந்தா போதும்."

"யார்கிட்ட கேக்கணும்?"

"யார்கிட்டயும் கேக்க வேண்டாம்."

அந்தப் பதில் அவனுக்குப் புரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. மாடியிலிருந்து குரல் வந்தது, ஓடிவிட்டான். பதினாறு வயதில் ஒரு நாடகம் பார்க்க யாரிடம் கேட்க வேண்டும் என்று கேட்கிறான், இதுதான் தலைமைப் பண்பு என்று சின்னவள் மனதுக்குள் சிரித்தாள்.

மத்தியானம் சின்னவளுக்கும் அழைப்பு வந்தது. சமையலறை வாசலில் உடனே ஒரு திரை தொங்கவிட வேண்டுமாம். கேமராவில் பாத்திரம் தெரியக் கூடாதாம். தைத்து முடித்து வேறொரு வீட்டுக்குப் போக வேண்டிய நீலத் திரையை எடுத்துக்கொண்டு மேலே போனாள்.

கூடத்தைப் பார்த்ததும் அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. மேஜையில் லேப்டாப். அதற்கு எதிரே கப்பு. கப்புக்குப் பின்னால் கோப்பைகள், சாக்கு ஓட்டக் கோப்பை நடுநாயகமாக. லேப்டாப்புக்குப் பின்புறம், கேமராவுக்குத் தெரியாமல், ஒரு முக்காலி. முக்காலியில் பொடிசு. மடியில் பெரியவள் எழுதிய பதில்கள்.

"அக்கா, பக்கத்துல இருக்கணும்னுதானே சொன்னீங்க?"

"பக்கத்துலதானே இருக்கா."

அது பெரிய இடத்துப் பிள்ளைகள் படிக்கிற விடுதிப் பள்ளி. மதிப்பெண் பார்க்க மாட்டார்களாம், ஆளுமையைத்தான் பார்ப்பார்களாம். பேட்டியின்போது அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். அதைச் சின்னவள் தயங்கித் தயங்கி ஞாபகப்படுத்தியபோது பெரியவர், அதாவது டைல்ஸ் கடை அண்ணன், கையை வீசினார்.

"ரூல்ஸுன்னா அப்படித்தான் போடுவாங்க. எல்லார் வீட்லயும் நடக்கறதுதான். நீ திரையை மாட்டு."

ஆளுமை இல்லாத பையனுக்கு ஆளுமையை எழுதிக் கொடுத்து, அதை ஒப்பிக்கக்கூட முடியாதவனுக்கு ஒப்பிக்க ஆள் வைத்து, எல்லார் வீட்டிலும் நடக்கிறதாம். சின்னவள் வாயைத் திறக்காமல் கொக்கியை மாட்டினாள்.

லேப்டாப் திரையில் இரண்டு பேர் தெரிந்தார்கள். ஒரு கண்ணாடிக்காரம்மா, பக்கத்தில் பேசாத ஒரு நரைத்த தலைக்காரர். கண்ணாடிக்காரம்மா எடுத்த எடுப்பிலேயே கேட்டார். "தம்பி, லேப்டாப்பைத் தூக்கி ரூமை ஒரு சுத்து சுத்திக் காட்டுப்பா."

அவ்வளவுதான். பெரியவள் சமையலறைக்குள் பாய்ந்து சின்னவளின் காலை மிதித்தாள். பாதி ஊருக்கு டைல்ஸ் விற்ற மனிதர் சோபாவுக்குப் பின்னால் குத்துக்காலிட்டார். பொடிசு மட்டும் பதறவில்லை. முக்காலியை ஒரு கையில் தூக்கிக்கொண்டு, குனிந்தபடி, கப்பு திரும்புகிற பக்கமெல்லாம் லேப்டாப்பின் முதுகுக்குப் பின்னாலேயே கூடத்தை முழு வட்டம் சுற்றி வந்து பழைய இடத்திலேயே உட்கார்ந்தாள். ஒரு சத்தம் கிடையாது. சின்னவள் திரை இடுக்கு வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தக் கள்ளத்தனத்துக்கா என் பொண்ணு ஆறு மாசம் பழகினா என்று நினைத்துக்கொண்டாள்.

கேள்விகள் ஆரம்பித்தன. கப்பு ஒப்பித்தான். தடுமாறினால் அவன் கண் லேப்டாப்புக்கு மேலாக ஓடும். பொடிசின் உதடு ஒரே ஒரு சொல்லுக்கு அசையும். மிச்சம் மடமடவென்று வரும். சதுரங்கம் முன்யோசனையைத் தந்தது. கீபோர்டு பொறுமையைத் தந்தது. ரோபோ எதையோ தந்தது. திரைக்குப் பின்னால் பெரியவள் பூரித்துப்போய்ச் சின்னவளின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு கண்ணாடிக்காரம்மா கேட்டார். "இத்தனை வகுப்புக்குப் போறியே, மனுஷங்களோட பழகறதுல உனக்கு என்ன மாறியிருக்கு?"

பதில் தயாராக இருந்தது. 'நீச்சல் எனக்குக் குழுவாக இயங்கக் கற்றுக்கொடுத்தது.' கப்பு வாயைத் திறந்தான். மூடினான்.

பொடிசு நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். உதட்டில் வார்த்தை தயாராக நிற்பது சின்னவளுக்கே தெரிந்தது. ஆனால் அவள் சொல்லவில்லை. தாள்களை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"சொல்லுடி, சொல்லு" என்று பெரியவள் பல்லைக் கடித்துச் சின்னவளின் கையைக் கிள்ளினாள்.

"ஒண்ணும் மாறல, மேடம்" என்றான் கப்பு. "எனக்கு ஃப்ரெண்டுன்னு யாரும் இல்ல. ஒரு கிளாஸ் முடிஞ்சா வாசல்லயே கார் நிக்கும். உடனே அடுத்த கிளாஸ். நீச்சல்ல பக்கத்து வரிசையில ஒரு பையன் வருவான். சின்ன வயசுலேர்ந்து கூடவே நீந்தறான். அவன் பேரு எனக்குத் தெரியாது. இப்பப் போய்க் கேக்கவும் வெக்கமா இருக்கு."

அதோடு நிறுத்தினான். கண்ணாடிக்காரம்மா ஏதோ சொன்னார், நன்றி சொன்னார், லேப்டாப் இருண்டது.

கப்பு எழுந்து தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அந்தக் கதவைத் தட்ட ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர்களுக்கு வேறு முக்கியமான வேலை இருந்தது, யார் மேல் பழி போடுவது என்று.

"வேணும்னே வாயை மூடிட்டு இருந்தா! நான் பார்த்துட்டேதானே இருந்தேன்!"

"அண்ணன் என்னைப் பார்க்கல, பெரியம்மா."

"என்னது?"

"மறந்திருந்தா பார்த்திருப்பான். பார்க்கல. அவன் சொல்றதுக்கு வேற ஏதோ வச்சிருந்தான்."

"வச்சிருந்தானாம்! பொறாமை பிடிச்ச குடும்பம்!"

அண்ணன் கூப்பிட்டார் என்று தம்பி கடையிலிருந்து வேர்க்க விறுவிறுக்க வந்து நின்றான். நடந்ததைக் கேட்டான். முதலில் மகள் முகத்தைப் பார்த்தான், பிறகு அண்ணன் முகத்தைப் பார்த்தான், பார்வை அங்கேயே தங்கிவிட்டது.

பெரியவர் அதற்குள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். "அந்தம்மாவுக்குப் போன் போட்டு, தங்கச்சி விளையாட்டுக்கு உள்ள வந்துட்டா, அவ சொல்லிக்குடுத்ததைத்தான் பையன் பயந்துபோய் அப்படியே ஒப்பிச்சுட்டான்னு சொல்லிடலாம். மறுபடி ஒரு தடவை கூப்பிடுவாங்க. இவளே ஒரு வார்த்தை சொல்லிட்டா நம்புவாங்க."

"நான் அப்படி எதுவும் சொல்லிக்குடுக்கலையே, பெரியப்பா."

"சொன்னேன்னு சொல்லு. உனக்கு என்ன குறைஞ்சுடும்?"

"சின்னப் பொய்தானேம்மா" என்றான் அப்பன்காரன். "அண்ணன் சொல்றாரில்ல. சொல்லிட்டா எல்லாருக்கும் நிம்மதி."

"சொல்லிட்டுத் தாராளமா நாடகத்துக்குப் போ" என்றாள் பெரியவள். "சொல்லாம இந்தப் படியில இறங்க முடியாது. சின்னவளே, நீ என்ன மரம் மாதிரி நிக்கறே? உன் பொண்ணுக்கு எடுத்துச் சொல்லு."

சின்னவள் நீலத் திரையின் ஓரத்தைப் பிடித்தபடி நின்றாள். மனதுக்குள் பெரிய பிரசங்கமே ஓடியது. பையன் வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொந்தமாகப் பேசினான், அதையும் என் மகள் பேசியதாக ஆக்கப் பார்க்கிறீர்களா, தூ. கூடப்பிறந்தவன் பெண்ணைப் பொய் சொல்லச் சொல்கிற நீயும் ஒரு பெரிய மனுஷனா. அதற்குத் தாளம் போடுகிற நீயும் ஒரு அப்பனா. எல்லாம் வரிசையாக, ஒரு சொல் பிசகாமல் வந்தன. வழக்கம்போல உள்ளேயே. மாடியில் இருக்கிற எல்லோரையும்விட அந்த நிமிஷம் அவள் கேவலமாக நினைத்தது தன்னைத்தான்.

பெரியவர் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். குரலில் தேன் வழிந்தது. கண்ணாடிக்காரம்மா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"பொண்ணு பக்கத்துல இருக்கா? குடுங்க. ஏம்மா, அவன் கடைசியா சொன்னானே, அது நீ சொல்லிக்குடுத்ததா?"

பொடிசு வாயைத் திறந்தாள். காலையில் ராணியையும் தளபதியையும் ஒற்றை ஆளாகச் சமாளித்தவள், இப்போது கையில் நீட்டிய போனைப் பார்த்து விழித்தாள். கண் முதலில் அப்பாவிடம் போனது. அவன் தரையில் பதித்திருந்த டைல்ஸை, இன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்க்கிறவன் மாதிரி ஆராய்ந்துகொண்டிருந்தான். பெரியப்பாவிடம் போனது. அவர் 'ம், ம்' என்று தலையாட்டினார். அங்கிருந்து நகர்ந்து, கூடத்தைத் தாண்டி, சமையலறை வாசலுக்கு வந்து அம்மாவிடம் நின்றது.

தேடுகிற கண். காலையில்தான் சொன்னாள்.

சின்னவள் திரையின் ஓரத்தை விட்டாள். கையில் தாள் இல்லை, விளக்கு இல்லை, கறுப்புச் சட்டையும் இல்லை. எல்லார் முகமும் அவள் பக்கம் திரும்பியிருந்தது. உள்ளே ஓடிய அத்தனை பிரசங்கத்தையும் இப்போது கொட்டிவிடலாம். ஆனால் முழுசா சொன்னா அது நான் பேசினதாயிடும்.

"அவனோட" என்றாள் சின்னவள்.

உதடு மட்டும்தான் அசைந்தது. மகளுக்கு அது போதுமாக இருந்தது.

"அவனோட பேச்சுதான், மேடம்" என்றாள் பொடிசு. குரல் தெளிவாக வந்தது. "நான் ஒண்ணும் சொல்லிக்குடுக்கல. அதுக்கு முன்னாடி சொன்ன பதிலெல்லாம்தான் நான் எடுத்துக்குடுத்தது. லேப்டாப்புக்குப் பின்னாடி உக்காந்திருந்தேன். அது தப்புதான், மன்னிச்சிடுங்க."

பெரியவர் முகம் வெளுத்துப்போயிற்று. அப்போதுதான் உறைத்தது, இந்தப் போனைப் போட்டது யார் என்பது. வலியப் போய்ச் சாட்சியைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரிலும் வைத்திருந்தார். சின்னவளுக்குச் சிரிப்பு தொண்டைவரை வந்தது. பெரியவள் அவளைப் பார்த்த பார்வையில் மெஷின், வாசல் அறை, வீட்டில் பாதி என்று எல்லாக் கணக்கும் தீர்க்கப்படும் என்பது தெரிந்தது. அதற்கும் அவளுக்குப் பயம் வரவில்லை. எப்போதும் வாயில் தயாராக நிற்கும் 'சரிக்கா'வைத் தேடிப் பார்த்தாள், கிடைக்கவில்லை.

போனில் கண்ணாடிக்காரம்மா சொன்னார். "பையனைக் கூப்பிடுங்க. நான் அவனோட பேசணும்."

கோபமா, வேறெதுவுமா என்று அந்தக் குரலில் கண்டுபிடிக்க முடியவில்லை.

பெரியவள் ஓடிப்போய் அறைக் கதவைத் தள்ளினாள். கீபோர்டு இருந்தது. சதுரங்கப் பலகை இருந்தது. நீச்சல் பை ஆணியில் தொங்கியது. பின்கட்டுப் படிக்குப் போகிற கதவு திறந்திருக்க, சின்னவள் போன வருஷம் தைத்துக் கொடுத்த திரை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. கப்பு இல்லை.

"ஐயோ, தனியா எங்கயும் போகத் தெரியாதே அவனுக்கு!"

பெரியவர் படிப் பக்கம் ஓடினார். தம்பி அவர் பின்னால் ஓடினான். மேஜையில் போன் தன்பாட்டுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. "ஹலோ? யாராவது பேசறீங்களா?"

பொடிசு மடியிலிருந்த தாள்களை மேஜையில் வைத்தாள். பரபரப்பில்லாமல் அம்மாவிடம் வந்தாள். அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்.

"எங்க போயிருக்கான்னு எனக்குத் தெரியும்மா. சொல்லட்டுமா, வேண்டாமா?"